பழைய மெர்சிடிஸின் ஹெட்லைட்டுக்குச் சரியான பல்பு எது?

பழைய சொகுசுக் காரின் ஹெட்லைட் மங்கிவிட்டது என்றவுடன், ஜெர்மனியிலிருந்தோ துபாயிலிருந்தோ பல்பு கொண்டுவரக் கூடியவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். எண்பதுகளில் வந்த ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படியொரு தேவையே இல்லை. அவற்றுக்கு வேண்டிய பல்பு, தண்டையார்பேட்டையில் புல்லட்டுக்கும் மாருதிக்கும் பல்பு விற்கிற கடையிலேயே கிடைக்கும். கிடைக்கிற பல்புகளில் எது சரியானது என்று அறிந்து வாங்குவதும், வாங்கிய பல்பு முழு வெளிச்சத்தைத் தருவதற்கு வண்டியில் என்னென்ன ஒழுங்காக இருக்க வேண்டும் என்று பார்ப்பதும்தான் வேலை. இந்த இரண்டாவது வேலையைச் செய்யாமல் மேலும் மேலும் பெரிய பல்பாக வாங்கிப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நல்ல வண்டிகளின் வயரிங் அதனாலேயே கருகிப்போகிறது.

என்னிடம் இருப்பது 1984-இல் தயாரான மெர்சிடிஸ் பென்ஸ் 240டி. 1976-இல் அறிமுகமாகி, எண்பதுகளின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் தயாரான டபிள்யூ123 வரிசையைச் சேர்ந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய என் பெரியப்பா கொண்டுவந்த வண்டி என்பதால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. இடையில் வேறொருவர் கைக்குப் போய், பிறகு என்னிடம் வந்து சேர்ந்தது. இப்போது ராயபுரத்தில் நிற்கிறது. கடலுக்கு இவ்வளவு அருகில் நிற்கிற வண்டியின் மின்சாரப் பாகங்களுக்கு என்ன ஆகும் என்பதை இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த வண்டியின் ஹெட்லைட் என்பது ஒரே கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பல்புகள் கொண்ட அமைப்பு. பெரிய பகுதியில் டிம், பிரைட் இரண்டுக்குமாக ஒரு ஹெச்4 பல்பு, பக்கத்தில் மூடுபனி விளக்குக்காக ஒரு ஹெச்3 பல்பு, பார்க்கிங் விளக்குக்கு 4 வாட் அளவில் ஒரு சிறு பல்பு. இவற்றில் ஹெச்4 தான் முக்கியமானது. ஹாலஜன் பல்பு 1962-இல் ஹெச்1 என்ற பெயரில் கார்களுக்கு வந்தபோது அதில் ஒரே இழைதான் இருந்தது. 1971-இல் வந்த ஹெச்4, இரண்டு இழைகளை ஒரே கண்ணாடிக்குள் கொண்டுவந்தது. பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஓர் இழைக்குக் கீழே மட்டும் சிறு உலோகத் தகடு ஒன்று தொட்டி வடிவில் வளைந்து நிற்பது தெரியும். டிம் வெளிச்சத்துக்கான இழை அதுதான். அந்தத் தகடு, இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியைத் தடுத்துவிடுவதால், ரிஃப்ளெக்டரின் மேற்பாதி மட்டுமே வேலை செய்கிறது. மேற்பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. எதிரே வருபவரின் கண்ணுக்குப் போயிருக்கக்கூடிய ஒளி வெளியே வருவதே இல்லை. இழையும் தகடும் இருக்க வேண்டிய இடம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் இந்த ஏற்பாடு கெட்டுவிடும். பல்பு வாங்கும்போது நாம் விலை கொடுப்பது உண்மையில் இந்தத் துல்லியத்துக்குத்தான்.

ஆகவே கடையில் பல்பை எடுத்தவுடன் அட்டைப்பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்க்காமல், பல்பின் உலோக அடிப்பாகத்தில் பொறித்திருப்பதைப் படிக்க வேண்டும். ஹெச்4, 12 வோல்ட், 60/55 வாட் என்று இருக்க வேண்டும். அத்துடன் ஒரு வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண், எந்த நாட்டில் அந்தப் பல்புக்கு ஒப்புதல் பெறப்பட்டது என்பதைச் சொல்கிறது: 1 என்றால் ஜெர்மனி, 2 என்றால் பிரான்ஸ், 4 என்றால் நெதர்லாந்து. பொறிப்பு மங்கலாகவோ தேய்த்தால் அழிகிற மையாகவோ இருந்தால், பெட்டியில் எவ்வளவு பெரிய கம்பெனியின் பெயர் இருந்தாலும் நான் வாங்குவதில்லை.

வடசென்னைக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். திருவொற்றியூர், மணலி பக்கத்துக் கடைகள் பெரும்பாலும் லாரிகளை நம்பி நடக்கிறவை. லாரிகளுக்கான 24 வோல்ட் ஹெச்4 பல்பு, 75/70 வாட் என்று பொறித்திருக்கும். அடிப்பாகத்தின் வடிவம் காரின் பல்புக்கு உள்ளதே. எந்தத் தடையும் இல்லாமல் பொருந்தி, எரியவும் செய்யும்; ஆனால் சிவந்த மங்கல் வெளிச்சம்தான் வரும். வாட் கூடுதலாக இருக்கிறதே என்று மகிழ்ந்து வாங்கிச் செல்கிறவர்கள், வண்டியில் கோளாறு என்று முடிவு செய்து வயரிங்கைப் பிரிக்கத் தொடங்குகிறார்கள். அதேபோல, பழைய ஃபியட், அம்பாசடர் விளக்குகளுக்கென்று சற்றே பெரிய அடிப்பாகம் கொண்ட பல்புகளும் கடைகளில் உண்டு. அடிப்பாகத்தின் குறியீட்டில் ஹெச்4-க்கு உரியது பி43டி, பழைய வகைக்கு உரியது பி45டி. இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடுதான் என்று அதைத் தட்டிப் பொருத்தக் கூடாது.

அடுத்து, 100/90 வாட் பல்பு. நம் ஊரில் மிகவும் விரும்பி வாங்கப்படுவது இதுதான். என்னைப் பொறுத்தவரை பழைய வண்டிக்கு இதைவிடக் கெடுதலான பொருள் வேறில்லை. 55 வாட் இழை 12 வோல்ட்டில் ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கிறது. 90 வாட் இழை 7.5 ஆம்பியர் இழுக்கும். இந்த வண்டியில் டிம் விளக்குக்கு உள்ள ஃப்யூஸ் 8 ஆம்பியர். நாற்பது ஆண்டு வயதான வயரும் சுவிட்சும் ஹோல்டரும் அந்தச் சூட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? முதலில் ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுத்து நொறுங்கும், பிறகு ரிஃப்ளெக்டரின் பூச்சு பல்புக்கு மேலே பழுப்பாகும், கடைசியில் ஸ்டியரிங் பக்கத்து லைட் சுவிட்சின் உள்முனைகள் கருகும். பல்பு இருநூறு, முந்நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். அந்தச் சுவிட்ச் இப்போது எளிதில் கிடைப்பதில்லை.

நீல நிறம் பூசிய பல்புகளையும் தவிர்க்கலாம். பார்ப்பதற்கு வெள்ளை வெளிச்சம்போலத் தெரிந்தாலும், அந்தப் பூச்சு ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டுத்தான் மீதியை வெளியே விடுகிறது. அதே 60/55 வாட்டில் கூடுதல் வெளிச்சம் தருவதாக விற்கப்படும் நல்ல கம்பெனிப் பல்புகள் வேறு வகை. அவற்றில் இழை இன்னும் நெருக்கமாகச் சுற்றப்பட்டு அதிகச் சூட்டில் எரிகிறது. வெளிச்சம் உண்மையிலேயே கூடும், ஆயுள் குறையும். வாரத்தில் ஓரிரு இரவுகள் மட்டும் வண்டி எடுப்பவருக்கு அது ஏற்கத்தக்க பேரம் என்றே நினைக்கிறேன்.

எல்இடி மாற்றிவிடுங்கள் என்று சொல்லாத கடைக்காரர் இப்போது இல்லை. இழை ஒன்று மெல்லிய கம்பிச் சுருளாக எல்லாத் திசையிலும் ஒளி வீசும் என்று கணக்கிட்டு இந்த ரிஃப்ளெக்டரும், அதன் முன்னால் உள்ள வரிகள் கொண்ட கண்ணாடியும் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. எல்இடியில் ஒளி, தடித்த ஒரு பட்டையின் இரு பக்கங்களிலிருந்து வருகிறது. சுவரில் அடித்துப் பார்த்தால் டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கலங்கி, கோடே இல்லாமல் போவதைப் பார்க்கலாம். ஜெர்மனியிலேயே 2020 முதல்தான் இத்தகைய மாற்று எல்இடிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். பெட்டியில் ஹெச்4 என்று போட்டிருப்பதாலேயே எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

என் வண்டிக்கு முறையான 60/55 வாட் பல்புகளையே வாங்கிப் போட்டேன். அப்போதும் வெளிச்சம் போதவில்லை. ராயபுரத்தில் பல ஆண்டுகளாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துவரும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். இந்தப் பகுதியில் எல்லோரும் அவரை பாய் என்றே அழைப்பார்கள். "பல்பு நல்லா இருக்கு தம்பி. பல்புக்குச் சோறு போய்ச் சேரல" என்றார். என்ஜினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, மீட்டரைப் பேட்டரியில் வைத்தால் 13.8 வோல்ட் காட்டியது. அதே மீட்டரை இடப்பக்கப் பல்பின் முனைகளில் வைத்தபோது 11.9 வோல்ட்தான். கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது.

இரண்டு வோல்ட் என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. ஏறக்குறைய அதன் 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. ஹெச்4 பல்பின் ஒளி அளவான 1,650 லூமென் (ஒளியை அளக்கும் அலகு) பிரைட், 1,000 லூமென் டிம் என்பது 13.2 வோல்ட்டில் அளக்கப்படுவது. அதையே 11.9 வோல்ட்டில் எரித்தால் சுமார் 70 சதவீத வெளிச்சம்தான் கிடைக்கும். இதே வயரிங்கில் 90 வாட் இழையைப் போட்டால் மின்னோட்டம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும், வழியில் இழக்கும் வோல்ட்டும் அதே விகிதத்தில் கூடும். பெரிய பல்பு போட்டும் பெரிதாக மாற்றம் தெரியவில்லை என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். ஆனால் வோல்ட்டை அளவுக்கு மேல் ஏற்றுவதும் கூடாது; 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

காணாமல் போன வோல்ட்டைத் தேடுவதற்குப் பாய் முதலில் திறந்தது ஃப்யூஸ் பெட்டியை. இக்காலத்துக் கார்களில் உள்ள தட்டை ஃப்யூஸ்கள் இந்த வண்டியில் கிடையாது. இரு முனையும் கூர்மையாக, மேலே வெளியே தெரியும் உலோகப் பட்டையுடன் இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு இடையே இறுகி நிற்கும் பழைய ஜெர்மன் வகை. வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16 ஆம்பியர். எங்கள் கடற்காற்றில் அந்தக் கூர்முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகத் தூள் படிந்திருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு ஃப்யூஸைக் கட்டைவிரலால் இருந்த இடத்திலேயே உருட்டினார். எதிர்ச்சுவரில் விழுந்திருந்த வெளிச்சம் கண்ணெதிரே கூடியது. எல்லாவற்றையும் கழற்றி, தகடுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அலுமினியப் பட்டை கொண்ட ஃப்யூஸ்களை நீக்கிவிட்டுச் செம்புப் பட்டை கொண்டவற்றைப் போட்டோம். பிறகு விளக்குக்குப் பின்னால் பாடியில் திருகியிருந்த எர்த் வயரைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடியில் துரு உரிந்து வந்தது. அதையும் தேய்த்து, கிரீஸ் தடவி முறுக்கினோம். இந்த இரண்டு வேலைகளிலேயே இழப்பில் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது.

மீதிக்கு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பழைய ஏற்பாட்டில் விளக்குக்கான மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு வரை போய், சுவிட்ச் வழியாகத் திரும்பி வருகிறது. ரிலே வைத்தால், பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ் வழியாகத் தடித்த வயர் நேரே விளக்குக்குப் போகும். பழைய வயரும் சுவிட்சும் ரிலேயை இயக்குவதற்கான சிறிதளவு மின்சாரத்தை மட்டும் சுமக்கும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் வைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தோம். நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: கம்பெனி வயரிங்கில் ஓர் இடத்தில்கூட வெட்டு விழக் கூடாது. பல்பின் பின்னால் செருகும் பழைய இணைப்பு புதிய ஹார்னஸில் (வயர்க் கட்டில்) செருகிக்கொள்ளும்படி அவர் செய்துகொடுத்தார். வேண்டாம் என்று நினைத்தால் எல்லாவற்றையும் உருவிவிட்டு 1984-இல் இருந்த நிலைக்குத் திரும்பலாம். இப்போது பல்பின் முனையில் 13.4 வோல்ட் வருகிறது.

வோல்ட் சரியானதும் இன்னொரு குறை வெளியே தெரிந்தது. இடப்பக்க விளக்கைவிட வலப்பக்க விளக்கு எதிர் வண்டிகளை அதிகம் தொந்தரவு செய்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் டிம்மில் போகும்போதே கன்டெய்னர் லாரிக்காரர்கள் திரும்பத் திரும்ப விளக்கை அடித்துக் காட்டினார்கள். பல்பு இரண்டும் ஒரே ஜோடி. காரணத்தைக் கண்ணாடியில்தான் கண்டோம்.

ஐரோப்பிய ஹெட்லைட் கண்ணாடிகளில் ஹெச், சி, ஆர் என்ற எழுத்துகள் பொறித்திருக்கும்: ஹாலஜன், டிம், பிரைட் என்று பொருள். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்யப்பட்ட விளக்கில் இவற்றோடு ஓர் அம்புக்குறியும் இருக்கும். விளக்குக்கு எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கத்தை, அதாவது வண்டியின் இடப்பக்கத்தை, அது காட்டும். இரண்டு முறைக்கும் பொதுவான விளக்கென்றால் இரு பக்கமும் முனை கொண்ட அம்பு இருக்கும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில் அம்பே இருக்காது. என் வண்டியின் இடப்பக்கக் கண்ணாடியில் அம்பு இருந்தது, வலப்பக்கத்தில் இல்லை. இடையில் வைத்திருந்தவர் எப்போதோ விளக்கு உடைந்தபோது, ஜெர்மனிச் சாலைக்குச் செய்த விளக்கு ஒன்று கிடைத்ததென்று போட்டிருக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

அந்த அம்புக்குப் பின்னால் இருக்கும் விஷயம் சிறியதன்று. டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு ஒரே நேர்க்கோடாக இருப்பதில்லை. நம் நாட்டுக்கான விளக்கில் நடுவிலிருந்து இடப்பக்கமாக 15 டிகிரி சாய்வில் மேலே ஏறும். சாலையோரம் நடப்பவர், சைக்கிளில் போகிறவர், விளக்கில்லாமல் ஓரங்கட்டி நிற்கும் டிரெய்லர் ஆகியவற்றை எதிர் வண்டியைக் கூசவைக்காமல் தொலைவிலேயே காட்டுவது அந்த ஏற்றம்தான். விடியலுக்கு முன்னால் காசிமேடு பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு, மீன் கூடைகளோடு சாலையோரம் நடப்பவர்களை நேரத்தோடு பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பது தெரியும். வலப்பக்க நாட்டு விளக்கில் இந்த ஏற்றம் நேர்மாறாக விழுகிறது: ஓரம் இருளாகிவிடும், வெளிச்சம் எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணுக்கு ஏறும். கண்ணாடியின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதால் இந்தக் குறை தீராது. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் சொல்லிவைத்துக் காத்திருந்து, அம்புக்குறி உள்ள வலப்பக்க விளக்கு ஒன்றை வாங்கினேன்.

அந்த விளக்கின் ரிஃப்ளெக்டர், நம் மெக்கானிக்குகள் டூம் என்று சொல்வது, ஓரங்களில் மங்கியிருந்தது. குரோம் பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். குரோம் பளபளப்பாகத் தெரிந்தாலும் தன்மேல் படும் ஒளியில் ஏறக்குறைய 65 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. கம்பெனியில் வெற்றிடத்தில் பூசப்படும் அலுமினியப் பூச்சு 90 சதவீதத்தை ஒட்டித் திருப்பும். அலுமினியப் பூச்சு போடத் தெரிந்த இடத்தில் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பூச்சின் மேல் துணி போட்டுத் தேய்க்கவும் கூடாது, அது கையோடு வந்துவிடும். கண்ணாடிக்கும் டூமுக்கும் நடுவே உள்ள ரப்பரையும் மாற்றினோம். பழைய ரப்பர் வழியாக உப்புக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தால் புதிய பூச்சும் நீடிக்காது.

கடைசி வேலை கோணம் பார்த்தல். டயர்களில் சரியான காற்று வைத்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சமதளத்தில் ஒரு மதிலுக்கு எதிரே 10 மீட்டர் தொலைவில் வண்டியை நிறுத்தினோம். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் குறித்துக்கொண்டு, டிம் வெளிச்சத்தின் நேர்விளிம்பு அதைவிட 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகுகளைச் சரிசெய்தோம். என் வண்டியில் சுமைக்கு ஏற்ப விளக்கைத் தாழ்த்தும் குமிழ் ஒன்று டேஷ்போர்டில் உண்டு. அது என்ஜினின் வேக்குவத்தில் இயங்குவது. அதைச் சுழி நிலையில் வைத்து, என்ஜினை ஓடவிட்டே கோணம் பார்க்க வேண்டும். அந்த மெல்லிய குழாயில் கசிவு இருந்தால் இன்று வைத்த கோணம் நாளை இருக்காது.

பல்பை மாட்டும்போது கண்ணாடியைக் கையால் தொடக் கூடாது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். வியர்வையும் எண்ணெயும் பட்ட இடம் கூடுதலாகச் சூடேறி அங்கே கண்ணாடி கெடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்டலாம். இரண்டு பக்கப் பல்புகளையும் ஒரே நேரத்தில் மாற்றுவது நல்லது, இரண்டும் ஒரே அளவு நேரம் எரிந்தவை என்பதால். டேஷ்போர்டு பெட்டியில் ஒரு ஹெச்4, ஒரு ஹெச்3, செம்புப் பட்டை போட்ட வெள்ளை ஃப்யூஸ்கள் சில ஆகியவற்றை ஒரு சிறு டப்பாவில் வைத்திருக்கிறேன். ஹெச்3 பல்புக்கு மட்டும் ஒரு குறிப்பு: அதன் பின்னால் சிறு வயர் ஒன்று தொங்கும், 12 வோல்ட் 55 வாட் என்று அடியில் பொறித்திருக்கும், கடையில் கேட்கும்போது பழைய பல்பைக் கையோடு கொண்டுபோனால் குழப்பம் வராது.